தம்பியின் கால் பங்கு: டெக்சஸில் ஒரு வாரண்டி டீட்

2011ல் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் புது வீடு வாங்கினோம். முன்பணத்துக்குப் பணம் போதவில்லை. எச்1பி விசாவில் அப்போது இங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி, நாங்கள் கேட்காமலே தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தான். ஊரிலிருந்து அப்பா போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவன் பேரையும் பத்திரத்துல போட்ரு கண்ணு." போட்டோம். எனக்கும் கணவருக்கும் முக்கால் பங்கு, தம்பிக்குக் கால் பங்கு. 2019ல் தம்பி குடும்பத்தோடு கோவைக்குத் திரும்பிவிட்டான். கால் பங்கு அப்படியே நின்றது.

2022ல் அப்பா தவறினார். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று தம்பி ஊரில் அலைந்த அலைச்சலைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த வீட்டைப் பற்றிய கவலை வந்தது. தம்பி உயில் எதுவும் எழுதவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் டெக்சஸ் மண்ணில் இருக்கும் அவன் பங்கு டெக்சஸ் சட்டப்படிதான் பிரியும். அவன் மனைவிக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். மைனர் பெயரில் ஒரு பங்கு வந்துவிட்டால் கோர்ட் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. அந்தப் பெண் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அமெரிக்க நீதிமன்றத்துக்கு எங்கே போவாள்? எல்லோரும் நன்றாக இருக்கும்போதே தம்பியின் பங்கை எங்கள் பெயருக்கு எழுதி வாங்கி முடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

தம்பி உடனே சொன்னான்: "பணம் எதுக்கு அக்கா? சும்மா எழுதித் தர்றேன், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

இந்தப் பாசம்தான் எங்களைப் பெரிய சிக்கலில் தள்ளப் பார்த்தது. எங்கள் வரி கணக்காளர் சொல்லித்தான் தெரிந்தது. அமெரிக்கக் குடிமகனோ இங்கே நிரந்தரமாக வாழ்பவரோ அல்லாத ஒருவர், அமெரிக்காவில் இருக்கும் வீட்டையோ நிலத்தையோ தானமாகக் கொடுத்தால் அதற்குத் தான வரி உண்டு. குடிமக்களுக்கு இருக்கும் ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட ஆயுட்கால விலக்கு அவருக்குக் கிடையாது. 2023ல் பெறுபவர் ஒருவருக்கு 17,000 டாலர் வரை மட்டும்தான் விலக்கு. அதற்கு மேல் 18 சதவீதத்தில் தொடங்கி 40 சதவீதம் வரை வரி, கொடுப்பவர் தலையில் விழும். சந்தை விலைக்குக் குறைத்து விற்றாலும் குறைத்த தொகை தானமாகவே கருதப்படும். தம்பி ஆசையாக "சும்மா" என்று எழுதிக் கொடுத்திருந்தால், கையில் ஒரு காசும் வாங்காமல் அவன் வரி கட்டியிருப்பான்.

எனவே மதிப்பீட்டாளரை வைத்து வீட்டுக்கு விலை போட்டோம். 3,80,000 டாலர் வந்தது. கால் பங்கு 95,000. அதையே விலையாக வைத்துக்கொண்டோம். வெளிநாட்டவரிடம் சொத்து வாங்கும்போது விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, ஃபிர்ப்டா என்பார்கள். வாங்குபவர் தான் குடியிருப்பதற்காக வாங்கி, விலையும் 3,00,000 டாலருக்குள் இருந்தால் பிடிக்கத் தேவையில்லை. நாங்கள் அந்த வரம்புக்குள் வந்தோம். அதற்காகத் தம்பிக்கு லாபத்தின் மேல் வரியே இல்லை என்று ஆகிவிடாது. அடுத்த ஆண்டு அவன் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் போட வேண்டியிருந்தது, இந்தியாவிலும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பத்திரம் எழுதுவதற்கு முன்னால் வரி ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிய பின் பார்த்துப் பயனில்லை.

பத்திரத்துக்கு வருகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 'வாரண்டி டீட்' (விற்பவர் உத்தரவாதம் தரும் பத்திரம்) படிவம் ஒன்றை இறக்கி ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரப்பினேன். பிறகு வழக்கறிஞரிடம் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் சுழித்தார். முதலாவது, அந்தப் படிவத்தில் இரண்டு சாட்சிகளுக்குக் கோடு போட்டிருந்தது. அது ஃபுளோரிடா மாதிரிப் படிவம். டெக்சஸில் சாட்சி தேவையில்லை, நோட்டரி முன் ஒப்புதல் போதும். இரண்டாவது, வாங்குபவரின் அஞ்சல் முகவரி இல்லை. டெக்சஸில் பத்திரம் பதிய அது வேண்டும். மேலும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் அடித்துவிட உங்களுக்கு உரிமை உண்டு என்ற அறிவிப்பு முதல் பக்கத்தின் தலையில் வர வேண்டும். அதுவும் இல்லை. மூன்றாவதுதான் பெரிய தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

டெக்சஸில் அடுத்தவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு பத்திரம் எழுத வழக்கறிஞருக்குத்தான் அனுமதி. நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர் போல ஒருவரை இங்கே தேடாதீர்கள்.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "ஜெனரல் வாரண்டியா, ஸ்பெஷல் வாரண்டியா?"

அப்பா நிலம் வாங்கிய கிரையப் பத்திரத்தை நான் சின்ன வயதில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். "மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் எனது சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்" என்று அதில் ஒரு வரி வரும். வாரண்டி டீட் என்பதன் உயிரே அந்த வரிதான். விற்பவர் கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கு எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் வகை பிரிகிறது. ஜெனரல் வாரண்டி என்றால், இந்த நிலம் முதல் முதலில் யாருக்கு வழங்கப்பட்டதோ அந்தக் காலத்திலிருந்து யார் உரிமை கோரி வந்தாலும் விற்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் வாரண்டி என்றால், விற்பவராலோ அவர் வழியாக வந்தவர்களாலோ ஏற்பட்ட வில்லங்கத்துக்கு மட்டும் அவர் பொறுப்பு. அவருக்கு முந்தைய காலத்துக்கு அவர் பொறுப்பில்லை. க்விட்க்ளெயிம் என்று இன்னொன்று இருக்கிறது. "என்னிடம் ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டுவிடுகிறேன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குடும்பத்துக்குள்தானே என்று நண்பர்கள் பலர் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு கொடுக்கும் டைட்டில் கம்பெனிகளுக்கு டெக்சஸில் அது பிடிப்பதில்லை. பின்னாளில் நாங்கள் வீட்டை விற்கும்போது கேள்வி வரும்.

என் கணவர் ஜெனரல் வாரண்டிதான் வேண்டும் என்றார். வாங்குபவருக்கு அதுதான் முழுப் பாதுகாப்பு, அது உண்மை. வரைவை வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அக்கா, இதுல 'என்றென்றைக்கும் காத்து நிற்பேன்'ன்னு போட்டிருக்கு. எனக்கும் என் வாரிசுகளுக்கும் சேர்த்துக் கட்டுப்படுமாம். நாளைக்கு 1960ல பண்ணையா இருந்தப்ப எங்க தாத்தாவோட நிலம்னு ஒருத்தன் வந்தா, நான் கோயமுத்தூர்ல இருந்து கிளம்பி வரணுமா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த வீட்டை நாங்கள் மூவரும் ஒரே நாளில், ஒரே பில்டரிடம் வாங்கினோம். அதற்கு முந்தைய வரலாறு அவனுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். அந்த பில்டரே எங்களுக்குக் கொடுத்தது ஸ்பெஷல் வாரண்டிதான், புது வீடு விற்கும் பில்டர்கள் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். பில்டர் ஏற்காத பொறுப்பை என் தம்பி தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பழைய காலத்து வில்லங்கம் வந்தால் 2011ல் எடுத்த டைட்டில் இன்சூரன்ஸ் எங்கள் முக்கால் பங்குக்கு இருக்கிறது. வாங்கும் கால் பங்குக்குப் புதிதாக ஒரு பாலிசி எடுத்துக்கொண்டோம். வழக்கறிஞர் இன்னொன்றும் சொன்னார். பழைய பாலிசியில் தம்பியும் காப்பீடு பெற்றவன். வாரண்டியோடு எழுதிக் கொடுத்தால், அந்த வாரண்டியால் அவனுக்குப் பொறுப்பு இருக்கும்வரை அவனுக்கான காப்பும் தொடரும். க்விட்க்ளெயிம் எழுதியிருந்தால் அது போயிருக்கும்.

ஸ்பெஷல் வாரண்டி என்று முடிவானது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் நான் ஜெனரல் வாரண்டிதான் கேட்பேன். கூடப்பிறந்தவனிடம் கேட்க வேண்டியது எவ்வளவு என்பது வேறு கணக்கு.

அடுத்து பெயர். தமிழர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். தம்பியின் பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அதனால் அமெரிக்க விசாவில் அவன் பெயருக்கு முன்னால் 'எஃப்என்யூ' என்று ஏறியது. முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. 2011 பத்திரத்திலும் அதே எஃப்என்யூவோடுதான் அவன் இருக்கிறான். ஊருக்குப் போய்ப் பாஸ்போர்ட் புதுப்பித்தபோது அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிட்டான். இப்போது பத்திரத்தில் ஒரு ஆள், பாஸ்போர்ட்டில் வேறொரு ஆள். பழைய பெயரில் கையெழுத்துப் போட்டால் நோட்டரி அடையாளம் ஒப்ப மாட்டார். புதுப் பெயரில் மட்டும் போட்டால் பதிவேட்டில் சங்கிலி அறுந்துவிடும், உரிமை வாங்கியவர் ஒருவர், விற்றவர் வேறொருவர் என்று ஆகிவிடும். தீர்வு ஒரே வரி: புதுப் பெயரை எழுதி, அதைத் தொடர்ந்து "இன்ன பெயரில் உரிமை பெற்றவர்" என்று பழைய பெயரை எழுத்துப் பிசகாமல் சேர்ப்பது. கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தட்டச்சு செய்யும் இடத்திலும் அதே மாதிரி. வீடு வாங்கும் நிலையில் இருப்பவர்கள் பத்திரத்தில் எப்படிப் பெயர் ஏறுகிறது என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

திருமண நிலையையும் எழுத வேண்டும். டெக்சஸ், கணவன் மனைவி சம்பாத்தியம் இருவருக்கும் பொது என்று கருதும் மாநிலம். தம்பி பங்கு வாங்கியது 2011ல், கல்யாணம் 2013ல். கல்யாணத்துக்கு முன் வாங்கியது அவன் தனிச்சொத்துதான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டுக்கடன் தவணையில் அவன் பங்கு போயிருக்கிறது. பின்னால் எந்தப் பேச்சும் எழக் கூடாது என்று அவன் மனைவியும் கையெழுத்திடும்படி வழக்கறிஞர் எழுதினார்.

இப்போது அந்தப் பென்சில் சுழித்த மூன்றாவது இடம். சொத்து விவரம். நான் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, அதற்குக் கீழே சொத்துவரி இணையதளத்தில் பார்த்த லாட் (மனை), பிளாக் எண்களைச் சேர்த்திருந்தேன். தபால் முகவரி சொத்து விவரம் ஆகாது. வரித் தளத்தில் இருப்பது சுருக்கி எழுதிய விவரம், அதில் எங்கள் மனைப்பிரிவின் 'ஃபேஸ் 2' என்ற சொல் விழுந்துவிட்டது. அதே மனைப்பிரிவில் ஃபேஸ் 1லும் அதே பிளாக், அதே லாட் எண்ணில் வேறொருவர் வீடு இருக்கிறது! நம் ஊரில் சர்வே எண்ணில் உட்பிரிவை விட்டுவிடுவது போலத்தான் இது. சொத்து விவரத்தை எப்போதும் முந்தைய பத்திரத்திலிருந்து, வரைபடம் பதிவான பக்க எண் உட்பட, அப்படியே எடுக்க வேண்டும். இங்கே பத்திரம் பதியும் இடமான கவுண்டி கிளார்க் அலுவலகம் இதைச் சரிபார்க்காது. வடிவம் சரியாக இருந்தால் பதிந்துவிடுவார்கள். திருத்தப் பத்திரம் எழுத வழி இருக்கிறது, ஆனால் கையெழுத்துக்காகத் தம்பியைக் கோவையிலிருந்து இன்னொரு முறை சென்னைக்கு அனுப்புவதை யார் விரும்புவார்கள்?

பழைய பத்திரத்தைத் தேடப் போன இடத்தில் இன்னொன்று கிடைத்தது. வீட்டுக்கடனை 2021லேயே அடைத்துவிட்டோம். பதிவேட்டில் பார்த்தால் அடமானப் பத்திரம் இன்னும் உயிரோடு இருந்தது. கடன் தீர்ந்தது என்ற ரிலீஸைக் கடன் கொடுத்த நிறுவனம் பதியவே இல்லை. கடனும் நடுவில் கைமாறியிருந்தது. போன் செய்து, கடிதம் எழுதி, கடைசிக் கட்டணச் சான்றைத் திரும்பத் திரும்ப அனுப்பி, ரிலீஸ் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால், வில்லங்கம் இல்லை என்று தம்பி வாக்குக் கொடுத்த அதே நாளில் வில்லங்கம் இருந்திருக்கும். கடன் அடைத்தவர்கள் எல்லோரும் உங்கள் கவுண்டியின் பதிவேட்டில் ரிலீஸ் ஏறிவிட்டதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். எங்கள் கவுண்டியில் இணையத்திலேயே பெயரைப் போட்டுப் பார்க்க முடிகிறது. கடன் இன்னும் பாக்கி இருப்பவர்களுக்கு ஒன்று: பத்திரத்திலிருந்து பெயர் போனாலும் கடன் பத்திரத்திலிருந்து போகாது. அதற்குக் கடன் கொடுத்தவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

இறுதி வரைவைப் பார்த்ததும் தம்பியிடமிருந்து மறுபடி போன். "பத்து டாலருக்கா அக்கா?" இங்கே பத்திரத்தில் விலையைச் சொல்வதில்லை. "பத்து டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும்" என்று எழுதுவதுதான் வழக்கம். உண்மை விலை, தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. ஊரில் வழிகாட்டி மதிப்புப் பார்த்து 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று கணக்குப் போட்டுப் பழகியவனுக்கு, டெக்சஸில் சொத்து மாற்றத்துக்கு வரியே இல்லை என்பதை நம்ப முடியவில்லை. அப்படி வரி போடவே கூடாது என்று 2015ல் மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நான்கு பக்கப் பத்திரத்தைப் பதிய எங்களுக்கு ஆனது நாற்பது டாலருக்குள்தான்.

கையெழுத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. டெக்சஸ் ஆன்லைன் நோட்டரி முன் வீடியோவில் போடலாம். ஆனால் அடையாளம் சோதிக்கக் கேட்ட கேள்விகள் அமெரிக்கக் கடன் வரலாற்றிலிருந்து வந்தன. ஊருக்குப் போய் நான்கு ஆண்டு ஆனவனால் அதைத் தாண்ட முடியவில்லை. உள்ளூர் நோட்டரியிடம் போட்டு, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கலாம். மூன்றாவது, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம். அதில் பின்னால் கேள்வியே வராது என்பதால் அதையே தேர்ந்தோம். நோட்டரி சேவைக்கு முன்பதிவு செய்ய வேண்டும், ஒரு முத்திரைக்கு 50 டாலர். தம்பிக்கு ஒன்று, அவன் மனைவிக்கு ஒன்று.

சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் ஜெமினி மேம்பாலம் பக்கம் போய் நின்றார்கள். நான் முன்கூட்டியே திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டுதான். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதே, அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். செல்போன் உள்ளே விட மாட்டார்கள், எல்லாவற்றையும் தாளில் எடுத்துப் போ. ஏ4 தாளில் அச்சிடலாமா என்று கேட்டான். எட்டரைக்குப் பதினாலு அங்குலத்துக்குள் இருந்தால் டெக்சஸில் ஏற்பார்கள், ஏ4 அதற்குள் அடங்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோகச் சொன்னேன். அது நல்லதாகப் போயிற்று. அவன் மனைவி பழக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், பாஸ்போர்ட்டிலோ ஆங்கிலக் கையெழுத்து. இரண்டாவது பிரதி காப்பாற்றியது.

பணமும் பத்திரமும் கைமாறும் வரிசையை டைட்டில் கம்பெனியிடம் விட்டோம். கூரியரில் அசல் வந்ததும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கட்டிய 95,000 டாலர் தம்பி கணக்குக்குப் போனதும் பதிவுக்கு அனுப்பினார்கள். அக்கா தம்பிக்குள் எதற்கு இது என்று சிலர் கேட்டார்கள். யார் முதலில் என்ற சங்கடம் எங்களுக்குள் ஒரு நாள்கூட வராமல் இருந்ததே, அதற்குத்தான். பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண்ணை மின்னஞ்சலை மட்டும் நம்பி எடுக்காமல், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் செய்து படித்துச் சரிபார்த்தேன்.

தமிழ்நாட்டில் பதியாத கிரையப் பத்திரத்தால் உரிமை மாறாது. இங்கே, எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட்டு ஒப்படைத்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டாலே அந்த இருவருக்குள் உரிமை மாறிவிடுகிறது. பதிவு என்பது உலகத்துக்கு அறிவிப்பு. அதற்காகப் பெட்டியில் வைத்துவிடக் கூடாது. பதியாத பத்திரம், விவரம் தெரியாமல் பின்னால் பணம் கொடுத்து வாங்குபவர் முன் செல்லாது.

பதிவானபின் செய்ய வேண்டியதில் முக்கியமானது ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் கிடைக்கும் சொத்துவரிச் சலுகை. தம்பி இங்கே குடியிருக்காததால் இத்தனை ஆண்டும் முக்கால் பங்குக்குத்தான் எங்களுக்கு வரிவிலக்கு கிடைத்தது. பள்ளி வரிக்கான விலக்கு 2023ல் 1,00,000 டாலராக உயர்ந்திருந்த நேரம் அது. முழுப் பங்குக்கும் கேட்டு ஜனவரியில் மனுப் போட்டோம், ஏப்ரல் முடிவதற்குள் போட வேண்டும். வீட்டுக் காப்பீட்டிலும் பெயரை மாற்றினோம். பதிவான சில வாரங்களில் அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வந்தது, உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகல் பெற நூறு டாலருக்கு மேல் அனுப்புங்கள் என்று. அனுப்பாதீர்கள். கவுண்டியிலேயே சில டாலருக்கு நகல் கிடைக்கும்.

அசல் பத்திரம் பதிவு முத்திரையோடு தபாலில் திரும்பி வந்தது. 2011 பத்திரம், கடன் ரிலீஸ், இது மூன்றையும் ஒரே உறையில் வைத்தேன். தம்பிக்கு எல்லாவற்றின் நகலையும் அனுப்பினேன். பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு அக்கா, வீடுதான் உங்களுதாயிடுச்சே" என்றான். அந்தப் பழைய டைட்டில் பாலிசியை மட்டும் அச்செடுத்துப் பீரோவில் வைக்கச் சொன்னேன். அவன் கொடுத்த வாக்கு இருக்கும்வரை அது அவனுக்கும் வேண்டும்.